நீரிழிவு உள்ளவருக்குச் செருப்பு வாங்குவது எப்படி?

வீட்டில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்ததும் சோற்றைக் குறைக்கிறோம், தேநீரில் சீனியை நிறுத்துகிறோம், கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துகிறோம். அவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று மட்டும் பார்ப்பதில்லை. தேய்ந்துபோன ரப்பர் செருப்போடுதான் கிளினிக்குக்கும் போய் வருகிறார்.

நீரிழிவு பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. நெருஞ்சி முள் ஏறினாலும் தெரியாது, சுடுமணல் சுட்டாலும் உறைக்காது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கொப்புளம்கூட ஆறாமல் புண்ணாகிவிடும். விரலையோ காலையோ இழந்தவர்கள் பலருக்குத் தொடக்கம் இப்படி ஒரு சிறிய புண்தான்.

உணர்வு குறைந்தவர்கள் தமக்குச் சரியானதைவிட இறுக்கமான செருப்பையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். இறுக்கிப் பிடித்தால்தான் போட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியும். அளவானது தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். எனவே, “எப்படி இருக்கிறது?” என்று காலிடம் கேட்டுச் செருப்பு வாங்கக் கூடாது. காகிதத்தையும் அடிமட்டத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கீழே சொல்லப்போவது அந்த முறைதான்.

படி 1: காலைப் பாருங்கள், தொட்டுச் சோதியுங்கள்

இதற்கு வீட்டில் இன்னொருவர் துணை வேண்டும். நீரிழிவு உள்ளவரைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடும்போதெல்லாம் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால் இந்த ஒழுங்கில் தொடுங்கள்: வலது பெருவிரல், வலது சின்னவிரல், இடது பெருவிரல், இடது சின்னவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றிலும் நுனியை மட்டும் ஒன்று அல்லது இரண்டு விநாடி, இறகு படுவதுபோல் தொட்டால் போதும். அழுத்தவோ, தட்டவோ, கூச்சமூட்டவோ கூடாது. அவர் உணராத இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது.

இந்த ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் பாதத்தின் பாதுகாப்பு உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவான எளிய சோதனை இது. கருவி எதுவும் தேவையில்லை. முடிவை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்கே 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் முறையாகச் சோதிக்க முடியும்.

பிறகு கண்ணால் பாருங்கள். விரல் இடுக்குகள், குதிக்காலின் வெடிப்பு, காய்ப்பு, ஆணி, நகத்தின் ஓரங்கள், வளைந்து மேலெழுந்த விரல்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளங்காலைக் குனிந்து பார்க்க முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம். நம்முடைய நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புண், கொப்புளம், கறுத்த தோல், சீழ் இவற்றில் ஏதாவது இருந்தால் செருப்பு வாங்கும் வேலையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். புண்ணுள்ள பாதத்துக்குக் கடைச் செருப்பு தீர்வாகாது. அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வது தனி வைத்தியம்.

படி 2: பாதத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

மாலையில் வரையுங்கள். நாள் முழுவதும் நடந்த பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது மாலையில் இறுக்கும்.

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைப் பின்பக்கம் மேலே வரும்படி சீமெந்துத் தரையில் விரியுங்கள். அளவு பார்க்கப்படுகிறவர் அதன் மேல் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு காலிலும் பாரம் சமமாக விழ வேண்டும். கதிரையில் இருந்தபடி வரைந்தால் பாதம் விரியாது, அகலம் குறைவாகக் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். உள்ளே சாய்த்தால் பாதம் சிறுத்துவிடும். இரண்டு பாதங்களையும் வரைய வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோருக்கு ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய பாதத்துக்குத்தான் செருப்பு.

குதிக்காலின் பின் விளிம்பிலிருந்து மிக நீண்ட விரலின் நுனிவரை அளவுங்கள். பலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள மிகப் பெரிய அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தின் உள் நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விரல் முட்டும், கூடினால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கி உராயும்.

வரைந்ததைக் கோட்டிலேயே வெட்டி எடுத்து, சற்றுத் தடித்த மட்டையில் ஒட்டுங்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டியது இந்த மட்டைதான். எண் பார்த்து வாங்காதீர்கள். பிரித்தானிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் 7 இன்னொரு நிறுவனத்தின் 7 அல்ல.

படி 3: எந்த வகை என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

பெருவிரல் இடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு, உணர்வு குறைந்த பாதத்துக்கு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்த வார் விரல் இடுக்கின் மென்மையான தோலை அறுக்கும். செருப்பைப் பிடித்துவைக்க விரல்கள் ஓயாமல் மடங்கும். நடு வீதியில் கழன்று விழுந்தாலும் காலுக்குத் தெரியாது. வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. மெல்லிய அடியை முள்ளும் ஆணியும் மட்டி ஓடும் துளைத்துவிடும்.

விரல்களை மூடும் முன்பக்கம், குதியைப் பிடிக்கும் பின்வார், பாதத்தின் குறுக்கே இறுக்கித் தளர்த்தக்கூடிய ஒட்டுப்பட்டி இரண்டு, இவை உள்ளதே நம் வெயிலுக்கும் மணலுக்கும் ஏற்றது. முழுச் சப்பாத்தும் நல்லதுதான், ஆனால் கல்லடிக் கடற்கரைப் பக்கத்து வெக்கையில் பலர் அதை அரை மணியில் கழற்றிவிடுவார்கள். கழற்றி வைத்த சப்பாத்தால் என்ன பயன்? நாள் முழுவதும் காலில் கிடக்கக்கூடியதையே வாங்குங்கள். முன்பக்கம் கூராக இல்லாமல் அகன்று வட்டமாக இருக்கட்டும். குதி உயரம் 2.5 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டாம்.

அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளி அடி முள் ஏறாதபடி உறுதியாகவும், பாதம் படும் உள் அடி மெத்தென்றும் இருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவின் தொழுநோய் வைத்தியசாலையை நம் மூத்தோர் அறிவார்கள். தொழுநோயும் நரம்பைத் தாக்கிப் பாத உணர்வைப் பறிக்கிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் போல் பிராண்ட், அத்தகைய பாதங்களில் மறுபடி மறுபடி புண் வருவதற்கு நடக்கும்போது விழும் அழுத்தம் ஒரு முக்கிய காரணம் என்று கண்டு, நுண்துளை ரப்பரால் காலணிகள் செய்வித்தார். அதே ரப்பர் இந்தியாவில் நீரிழிவுக் காலணிகளிலும் பயன்படுகிறது. ‘எம்.சி.ஆர்’ (மைக்ரோ செலுலர் ரப்பர்) என்று கேட்டால் தெரிந்த கடைக்காரருக்குப் புரியும். கிடைக்காவிட்டால் பெருவிரலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்து, எடுத்ததும் எழும்பும் உள் அடியைத் தேடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் சில வாரங்களில் தட்டையாகிவிடும். பள்ளமே விழாவிட்டால் அது பலகை.

விரல்கள் வளைந்தவர்களுக்கும், முன்பு புண் வந்து ஆறியவர்களுக்கும், விரல் எடுக்கப்பட்டவர்களுக்கும் கடைச் செருப்பு போதாது. காலுக்கென்று அளவெடுத்துச் செய்விக்க வேண்டும். கிளினிக் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நடக்கும்போது கெண்டைக்காலில் வலித்து, நின்றால் ஆறிவிடுகிறதா? பாதம் குளிர்ந்தே இருக்கிறதா? இரத்த ஓட்டக் குறைவாக இருக்கக்கூடும், அதையும் முதலில் காட்டிவிடுங்கள்.

படி 4: கடையில்

மாலையில் போங்கள். மட்டையைச் செருப்புக்குள் வைத்து, குதி விளிம்பைப் பின்புறத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். முன்னால் 1 முதல் 2 சென்ரிமீற்றர் இடம் இருக்க வேண்டும். மட்டையின் ஓரம் எங்காவது மேலே சுருண்டால் அந்த இடத்தில் செருப்பு ஒடுக்கம். திறந்த செருப்பென்றால் மட்டை எந்தப் பக்கத்திலும் வெளியே நீட்டக் கூடாது.

அடுத்து உள்ளே கையை விடுங்கள். விரல் நுனியால் முனைவரை தடவிப் பாருங்கள். மேல் துணியும் அடியும் சேரும் இடத்தில் நூல் முடிச்சு இருக்கலாம், காய்ந்து கட்டியான பசை விளிம்பு இருக்கலாம், எட்டிப் பார்க்கும் ஆணி நுனியும் இருக்கலாம். உங்கள் விரலில் உறுத்துவது எதுவாக இருந்தாலும் அந்தச் சோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் பாதத்தைத் தாங்காது.

இனிப் போட்டு எழுந்து நிற்க வேண்டும். இருந்தபடி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முன்பக்கத்தை மேலிருந்து மெல்ல அமுக்கி, விரல்களுக்கு மேலே இடம் இருக்கிறதா என்று கூட வந்தவர் பார்க்கட்டும். கடைக்குள்ளேயே சில நிமிடம் நடந்து, கழற்றி, பாதத்தில் தழும்பு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் ஒன்று சொல்வார்: “போடப் போட இளகும், அம்மா.” அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்: “அது இளகுமட்டும் என் கால் தாங்காது, தம்பி. பெரியதைக் காட்டுங்கள்.” உணர்வுள்ள கால் உராய்ந்தால் வலிக்கும், நாம் கழற்றிவிடுவோம். உணர்வில்லாத கால் தோல் உரியும்வரை சும்மா இருக்கும்.

நோயாளியால் கடைக்கு வர முடியாவிட்டால் மட்டையோடு போய் வாங்கலாம். பற்றுச்சீட்டை எடுத்து, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: முதல் சில நாட்கள்

புதுச் செருப்போடு முதல் நாளே கல்முனைச் சந்தைக்குப் புறப்பட வேண்டாம். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, பாதத்தைப் பாருங்கள். அரை மணி கழிந்தும் சிவப்போ சூடோ மறையாத இடம் இருந்தால் அங்கே செருப்பு அழுத்துகிறது. ஒன்றுமில்லையென்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுத் தடவுங்கள். மணல், சிறு கல், சில வேளை பூரானும் இருக்கும். காலுறை போடுபவர்கள் பருத்தியில், மேல்விளிம்பு இறுக்காததாகப் பார்த்து, தையல் வெளியே வரும்படி புரட்டிப் போட்டு, தினமும் மாற்றுங்கள். மாரிகாலத்தில் நனைந்த செருப்பை மறுநாளும் போடாமல் இருக்க இரண்டு சோடி வேண்டும். நனைந்ததை நிழலில் காயவிடுங்கள், அடுப்பருகே வைக்காதீர்கள்.

வீடு, கோவில், பள்ளிவாசல், வயல்

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். உணர்வு குறைந்தவர் அதையும் விட வேண்டும். வெளியே போடாத தனிச் சோடி ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொண்டால் வீட்டின் சுத்தமும் கெடாது.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோவிலுக்குப் போகிறவர்கள் விடியலில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். நண்பகல் மணல் பாதத்தைப் பொசுக்கிவிடும். கோவிலார் அனுமதித்தால் தடித்த பருத்திக் காலுறையோடு உள்ளே போகலாம். உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடக்க நேர்ந்தவர்கள் செருப்போடு நடக்கட்டும், ஒவ்வொரு தங்குமிடத்திலும் பாதத்தைப் பார்க்கட்டும். தீமிதிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். நேர்த்தியை வேறு வழியில் தீர்த்தால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஐவேளைத் தொழுகைக்காக வுழூச் செய்து கால் கழுவுகிறவர்களுக்கு விரல் இடுக்கில் ஈரம் தங்கித் தோல் வெளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். சிறு துவாய் ஒன்றைக் கூடவே வைத்து ஒவ்வொரு முறையும் இடுக்குகளை ஒற்றி எடுங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் பூசக் கூடாது. வயலில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர்கள் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸைக் காலுறையோடு போட்டு, கரையேறியதும் கழற்றி, கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போது வைத்தியசாலைக்கு?

ஒரு பாதம் மட்டும் திடீரென்று சூடாகி, வீங்கி, சிவந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே போங்கள். எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலில் நடக்க நடக்கப் பாதத்தின் வடிவமே மாறிவிடும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் எல்லாம் இலவசமாகப் பார்க்கும் அரச வைத்தியசாலைகளே. ஆணியையும் காய்ப்பையும் பிளேட்டால் வெட்டுவதோ, ஆணிப் பிளாஸ்டர் ஒட்டுவதோ வேண்டாம், அதையும் அங்கேயே காட்டுங்கள்.

உணர்வும் இரத்த ஓட்டமும் சரியாக உள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறை பாதத்தைச் சோதித்துக்கொண்டால் போதும். உணர்வு குறைந்தவர் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறை, முன்பு புண் வந்தவர் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். போகும்போது வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாரம் எங்கே கூடுதலாக விழுகிறது என்று வைத்தியர் கண்டுகொள்வார்.