பழைய கட்டிடத்தில் அறை எடுக்கும் முன்

கன்னியாகுமரியில் அறை வாடகை எகிறும் நாட்களில், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் பழைய ஓட்டுக் கட்டிட லாட்ஜ் கிடைத்தால் விடாதீர்கள். 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர் இது. தடித்த சுவரும் உயரமான கூரையும் தரும் குளிர்ச்சி புதுக் கட்டிடங்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பணம் கட்டும் முன் அறையைப் பார்த்துவிடுங்கள். முக்கியமாகக் கூரை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். மூலையில் ஈரக்கறை தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். ரோட்டைப் பார்த்த ஜன்னல் அழகுதான், ஆனால் பஸ் ஹாரன் தூங்கவிடாது. உள்பக்க அறையே நல்லது. லிஃப்ட் இருக்காது, பெரியவர்களுக்குத் தரைத்தளம் சொல்லிவையுங்கள். அப்புறம், சூரிய உதயத்துக்குக் கிளம்புவதாக இருந்தால் கேட் எப்போது திறப்பார்கள் என்று இரவே கேட்டுவிடுங்கள்.