ஓலைச்சுவடியைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பரணிலிருந்து சுவடிக் கட்டுகளை இறக்கிப் படமெடுக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல காரியம். ஆனால் ஆரம்பத்தில் எல்லோரும் இடறுகிற அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். ஈரக்கை, எச்சில் விரல் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓரத்தை வெட்டுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். ஏட்டின் இடது ஓரத்தில், வரிகளுக்கு வெளியே, எழுத்தாணியால் சின்னதாக ௧, ௨, ௰ என்று கீறியிருக்கும். அதுதான் ஏட்டெண். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

கடலூருக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியர் வீட்டுச் சுவடியை ஒரு குழு இப்படித்தான் எடுத்தது. கயிறு இற்று ஏடுகள் ஏற்கெனவே முன்பின்னாகக் கலந்திருந்தன. கைக்கு வந்த வரிசையில் எடுத்து, ஓரத்தையும் வெட்டி, படங்களை என்னிடம் கொடுத்தார்கள். ஓர் ஏட்டில் சூரணத்துக்கான சரக்குகள் வரிசையாக வந்து பாதியில் நிற்கின்றன. எடையும், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்ற அனுபானமும் எந்த ஏட்டில்? ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்றும் தெரியாது. அந்தாதி என்றால் அடுத்த ஏட்டைப் பிடித்துவிடலாம். மருந்துக் குறிப்பை ஊகித்து ஒட்டினால் ஒரு மருந்தின் அளவு இன்னொன்றுக்குப் போய்விடும். சரி, மறுபடி எடுக்கலாம் என்று போனால், வீட்டை இடித்துக் கட்டியதில் கட்டு போன இடம் தெரியவில்லை.

நான்கு ஓரமும் கயிற்றுத் துளையும் தெரிய, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். வெட்ட வேண்டுமென்றால் நகலில் வெட்டுங்கள். தமிழ் எண்களையும் பழகிக்கொள்ளுங்கள்: ௰௨ என்றால் 12.

பெயரில்லாத படங்கள்

கேமரா போட்ட எண்ணோடேயே விட்டுவிட்டால் யாராலும் தேடி எடுக்க முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆய்வாளர்களுக்கு அவை பயன்படுவது எண்ணும் அட்டவணையும் இருப்பதால்தான். ஊர், வீடு, ஏட்டுத் தொகை, முதல் வரி, கடைசி வரி. ஒரு நோட்டில் எழுதினால்கூடப் போதும்.

லேமினேஷன்

பழைய பத்திரத்துக்கும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது.

செல்லோடேப்

வேண்டவே வேண்டாம்.

ஒரே ஹார்ட் டிஸ்க்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது இந்தக் கரையில்தான். ஒரு பிரதி கடலை விட்டுத் தள்ளி வேறு ஊரில் இருக்கட்டும். இன்னொன்றைச் சுவடி கொடுத்த வீட்டாரிடமே கொடுங்கள். பல குழுக்கள் அதைச் செய்வதே இல்லை.