வேலையின்மை எண்ணைப் படிப்பது எப்படி?

மன்னார்குடி டீக்கடையில் பத்து இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு பேர் கல்லூரி மாணவர்கள், ஐந்து பேருக்கு வேலை இருக்கிறது, ஒருவர் வேலை தேடுகிறார். வேலையின்மை 10 சதவீதம் என்றுதானே தோன்றும்? கிடையாது. வேலை செய்யாமலும் தேடாமலும் படிப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆறில் ஒருவர், அதாவது ஏறக்குறைய 17 சதவீதம்.

மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 ஏப்ரல் மாதக் கணக்கிலிருந்து தொடங்கி மாதாமாதம் எண் வெளியிடுகிறது. அதில் ஆண்களுக்கு 15-29 வயது வரிசையைத் தனியாகப் பாருங்கள். கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் ‘வேலையில் இருப்பவர்’. அப்பாவின் வயலில் கூலியில்லாமல் நாற்றுக்கட்டு சுமந்த பையனும் அப்படித்தான். எனக்கு இது கொஞ்சம் தாராளமான கணக்காகவே படுகிறது. ஆனால் விதி அதுதான்.

அப்புறம், போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தை அறுவடையில் ஆள் கிடைக்காது. சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும். நாட்டின் மொத்த எண்ணிலும் இப்படிப் பருவ ஏற்ற இறக்கம் உண்டு. போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவதே சரி. 2025 ஜனவரியில் கணக்கெடுக்கும் முறை மாறியதால் அதற்கு முந்தைய எண்களைச் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று: மாத எண் இந்தியா முழுமைக்குமானது. அதை வைத்துத் திருவாரூர், நாகப்பட்டினம் நிலவரத்தைச் சொல்ல முடியாது.