பாப் ஃபெர்குசன்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க பேஸ்பாலின் ஆரம்பகால ஆட்டக்காரர் பாப் ஃபெர்குசனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது ‘பறப்பனவற்றுக்கு எமன்’ என்ற பட்டப்பெயரைத்தான். அங்கேயே நிதானம் வேண்டும். ஃபெர்குசன் ஆடிய அதே புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியில் ஆடிய ஜாக் சாப்மனுக்கும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சாப்மன் மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர், உயரே பறந்து வரும் பந்தைப் பிடிப்பதே அவர் வேலை. ஃபெர்குசன் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பேஸில் (ரன்னுக்கு ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்களில்) நின்ற இன்ஃபீல்டர், அதாவது உள்பகுதியில் பந்தைத் தடுக்கிறவர். எனக்கென்னவோ பெயர் சாப்மனுக்குத்தான் பொருந்துகிறது.

பழைய கணக்கில் பந்தைப் பிடிப்பதில் செய்த பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து ‘ஓட்டைக் கை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1870-களில் இன்ஃபீல்டர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள்.

1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷனைப் பெரிய லீக்காக ஏற்பதில்லை என்று 1969-இல் முடிவானது. அதனால் பட்டியலுக்குப் பட்டியல் அவர் எண்கள் மாறும். ஆனால் அந்த லீக்கை ஒதுக்கினால் பாதி ஆளே காணாமல் போய்விடுவார். 1872-இல் ஆடிக்கொண்டே அதன் தலைவராகவும் ஆனவர் அவர்! சூதாட்டக்காரர்கள் ஆட்டக்காரர்களைச் சுற்றிவந்த காலத்தில், விலைபோகாதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அதற்காகச் சாதுவாகவும் காட்டக் கூடாது. 1873-இல் அம்பயராக நின்ற ஓர் ஆட்டத்தில் வாக்குவாதம் முற்றி, நாட் ஹிக்ஸ் என்ற கேட்சரை மட்டையால் அடித்துக் கையை உடைத்தவரும் இவரேதான்.

அப்புறம் 1870 ஜூன் 14. 1869 முழுக்கத் தோற்காத சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை அன்று அட்லாண்டிக்ஸ் 11 இன்னிங்ஸில் 8-7 என வீழ்த்தியது. வலக்கை ஆட்டக்காரரான ஃபெர்குசன் கடைசி இன்னிங்ஸில் இடக்கைப் பக்கம் நின்று அடித்தார். இதை வேடிக்கை போல எழுதுகிறார்கள், ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. வழக்கம்போல் அடித்தால் பந்து, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் ரைட் பக்கம் போகும். அவரைத் தாண்டுவது லேசில்லை. ஆட்டத்தைச் சமன் செய்த ரன் அந்த அடியில்தான் வந்தது, வெற்றி ரன்னையும் ஃபெர்குசனே ஓடி எடுத்தார். இரு பக்கமும் நின்று அடித்த முதல் ஆள் என்று அடித்துச் சொல்வதைவிட, பதிவில் தெரிந்தவரை முதல் ஆள் என்பதே சரி.

மேனேஜராக அவருக்குக் கிடைக்கும் திட்டு 1883 பிலடெல்பியா அணிக்காக. 17 வெற்றி, 81 தோல்வி என்ற அந்தக் கணக்கை மொத்தமாக அவர் தலையில் கட்டுவது அநியாயம். 4 வெற்றி, 13 தோல்வியோடு பொறுப்பு பிளாண்டி பர்செல் கைக்குப் போய்விட்டது. மீதி 68 தோல்விகளும் பர்செல் கணக்கு.