கிறிஸ்துமஸ் ஆக்‌ஷன் படமா? பிள்ளைகளோடு பார்க்கும் முன்

போஸ்டரில் சாண்டா இருக்கிறாரே என்று நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 2022-இல் வந்த ‘வயலன்ட் நைட்’ படத்திலும் சாண்டாதான் நாயகன், ஆனால் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது ‘ஆர்’ சான்று, அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. சான்றோடு ஒரு வரியில் காரணமும் போட்டிருப்பார்கள், ரத்தம், கெட்ட வார்த்தை, ஆபாசப் பேச்சு என்று; அந்த வரியைக் கட்டாயம் படியுங்கள். 2024-இன் ‘ரெட் ஒன்’ பிஜி-13 தான், அதாவது 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கும், ‘ஆர்’-ஐவிடத் தளர்வான சான்று; ஆனாலும் சூனியக்காரியும் குறும்புப் பிள்ளைகளைத் தண்டிப்பதாக ஐரோப்பியக் கதைகள் சொல்லும் கொம்பு முளைத்த பூதமான கிராம்பஸும் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடலாம். அப்புறம், படம் பழிவாங்குவதைக் கொண்டாடுகிறதா, மன்னிப்புக்கு இடம் தருகிறதா? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. முடிவெடுக்க முடியவில்லை என்றால், சரி, அப்பா அம்மா முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.