டூயல் எக்ஸாஸ்ட் (இரட்டைப் புகைக்குழாய்) மாட்டும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

அமெரிக்காவில் சில்வராடோ, எஃப்-150 மாதிரி பிக்கப் வைத்திருக்கிறீர்களா? ஸ்டெப்னி வண்டிக்கு அடியில்தான் தொங்கும்; இரண்டாவது குழாய் அதை உரசாமல் போக இடம் வேண்டும். டிரெய்லர் இழுப்பவர் என்றால் குழாயின் வாய் பின்டயரைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்பட்டும். நேர் பின்னால் விட்டால் கரியெல்லாம் டிரெய்லர் முகத்தில்தான்.

5.3 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 2.5 அங்குலக் குழாய் இரண்டு தாராளம். 3 அங்குலத்தில் இரண்டு போடுவது பெரும்பாலும் சத்தத்துக்காகத்தான்! புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள், அதைக் கழற்றுவது அங்கே சட்டவிரோதம். பனிக்கு உப்பு தூவும் ஊரென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வாங்குங்கள், எளிதில் துருப்பிடிக்காது.

கடை வாசலில் உறுமுவதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஹைவேயில் ஒரே வேகத்தில் ஓடும்போது கேபினுக்குள் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வருகிறதா என்று, அதே செட் மாட்டிய வண்டியில் ஏறிப் பாருங்கள்.