சியாட்டில் வரலாற்று மியூசியங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் வழித்தடம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு நாளைக்கு மூன்று மியூசியம் போதும். எவை என்பதைவிட எந்த வரிசையில் என்பதுதான் முக்கியம். நகரம் வளர்ந்த போக்கிலேயே தெற்கிலிருந்து வடக்கே போனால், ஒன்றில் பார்த்தது அடுத்ததைப் புரியவைக்கும்.

1. நாள்
மாதத்தின் முதல் வியாழக்கிழமை பல மியூசியங்களில் அனுமதி இலவசம். கூட்டமும் அன்றுதான் அதிகம். நின்று வாசிக்க விரும்பினால் காசு கொடுத்து வேறு நாளில் போவதே நல்லது. எல்லா மியூசியமும் ஏழு நாளும் திறந்திருக்காது. கிளம்புமுன் அந்தந்த மியூசியத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

2. போக்குவரத்து
காரை விட்டுவிடுங்கள். காலையில் முதலில் போகும் பழைய நகர்ப்பகுதியான பயனியர் ஸ்கொயர் பக்கத்திலேயே இரண்டு ஸ்டேடியங்கள். ஆட்டம் இருக்கும் நாளில் பார்க்கிங் கட்டணம் எகிறிவிடும். ஸ்டேஷன் இயந்திரத்தில் பயணக் கட்டண அட்டையான ஆர்க்கா கார்டு வாங்கி லைட் ரயிலில் ஏறுங்கள். கட்டணம் 3 டாலர், 18 வயது வரை இலவசம். பல ஸ்டேஷன்களில் கேட் கிடையாது. அதனால் புதிதாக வருகிறவர்கள் கார்டைத் தட்டாமலே ஏறிவிடுகிறார்கள், பரிசோதகர் கேட்கும்போது திண்டாடுகிறார்கள். பிளாட்ஃபாரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ரீடரில் தட்டிவிட்டு ஏறுங்கள்.

3. காலை: க்ளோண்டைக்
பயனியர் ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிட நடை. 1889-இல் கட்டிய கேடிலாக் ஹோட்டலில் தேசியப் பூங்காத் துறை நடத்தும் க்ளோண்டைக் தங்க வேட்டை மியூசியம். எந்நாளும் அனுமதி இலவசம். 1897 ஜூலை 17 அன்று ‘போர்ட்லேண்ட்’ கப்பல் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் கிடைத்த தங்கத்தோடு சியாட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அங்கே தொடங்குகிறது கதை. கனடா எல்லைக் காவலர்கள் ஓராண்டுச் சாமான் இல்லாதவரை உள்ளே விடவில்லை. மாவு மட்டுமே 180 கிலோ, மொத்தம் ஏறக்குறைய ஒரு டன்! அதை விற்றுத்தான் சியாட்டில் கடைக்காரர்கள் பணம் பார்த்தார்கள். சாமான் குவியலைக் காட்டும் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கம் தேடிப் போனவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்ப, நகரம் மட்டும் ஏன் செழித்தது என்பது அங்கேதான் விளங்கும்.

வெளியே வந்ததும் நடைபாதையைக் குனிந்து பாருங்கள். சில இடங்களில் ஊதா நிறக் கண்ணாடிக் கட்டிகள் பதித்திருக்கும். 1889 தீ விபத்துக்குப் பிறகு தெருக்களை உயர்த்தியதில் பழைய தரைத்தளங்கள் நிலவறைகளாகிவிட்டன. அவற்றுக்கு வெளிச்சம் தர வைத்தவை இவை. நிறமில்லாமல் இருந்த கண்ணாடி, அதிலுள்ள மாங்கனீஸ் வெயிலில் மாறியதால் ஊதாவானது. கீழே இறங்கிப் பார்க்கத் தனிச் சுற்றுலா உண்டு, 75 நிமிடம். மேடுபள்ளமும் படிகளுமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கவும்.

4. நண்பகல்: விங் லூக்
பத்து நிமிட நடையில் சைனாடவுன். ஆசிய அமெரிக்கர்களின் வரலாறு அங்குள்ள விங் லூக் மியூசியத்தில் அவர்கள் வாயாலேயே சொல்லப்படுகிறது. 1910-இல் கட்டிய இந்தக் கட்டடத்தின் பழைய விடுதி அறைகளை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். ஆகவே நுழைந்த உடனே கவுன்டரில் அடுத்த சுற்று எப்போது என்று கேட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காட்சிக்கூடத்தை முடித்துவிட்டுக் கேட்பவர்கள் அந்த அறைகளைத் தவறவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு உவாஜிமாயா கடையின் உணவகப் பகுதி பக்கம்தான்.

5. பிற்பகல்: மோஹாய்
மீண்டும் ரயிலில் வெஸ்ட்லேக் வரை, பிறகு லேக் யூனியன் ஏரிக்கரையில் இருக்கும் மோஹாய் (வரலாறு, தொழில்துறை மியூசியம்) வரை வடக்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை. இரண்டரை மணிக்குள் உள்ளே இருங்கள். 14 வயது வரை இலவசம். 1919-இல் கட்டிய போயிங் பி-1 தபால் விமானம் தலைக்கு மேலே தொங்கும். தவறவிடக் கூடாதது ‘வவோனா’ சிற்பம்: பழைய பாய்மரக் கப்பலின் மரத்தால் ஆனது. அதன் உள்ளே நின்று கீழே பார்த்தால் ஏரி நீர், மேலே பார்த்தால் வானம்.

விமான மியூசியத்தை இந்த நாளில் திணிக்காதீர்கள். அது ஊரின் தெற்கு எல்லையில் இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானமும் போயிங்கின் முதல் தொழிற்கூடமான சிவப்புக் கொட்டகையும் பார்க்கவே அரை நாள் போய்விடும்.